ஞாயிற்றுக்கிழமை தேர்வு: எழுதலாமா, கூடாதா?

நெல்லைத்தாய்: ஸ்தோத்திரம். மகளுக்கு இந்த முறை நீட். 2023, 2024, 2025 மாதிரி இதுவும் ஞாயிறுதான். தேர்வு மதியம் 2 மணிக்கு என்றாலும் ஒன்றரைக்கே கேட்டை மூடிவிடுகிறார்கள். மையம் வெளியூரில் விழுந்தால் கோயிலுக்குப் போக முடியாது. "எரிக் லிடல் ஞாயிற்றுக்கிழமை ஓடலையே, நான் மட்டும் எழுதலாமா?" என்கிறாள். ஞாயிறு கர்த்தருடைய நாள் என்று ஒலிம்பிக்கில் ஓட மறுத்த ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் அவர்; ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதை. நான் என்ன சொல்வது?

மீகா68: எழுத வேண்டாம், சிஸ்டர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் முதல் சுற்று ஞாயிறு என்பது லிடலுக்குப் பல மாதம் முன்பே தெரியும். அது ஏதோ ஒரு வேகத்தில் எடுத்த முடிவல்ல. தனக்குக் கைவந்த ஓட்டத்தை விட்டார், இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டார். 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார், சரி. வாங்காமல் போயிருந்தாலும் அது கீழ்ப்படிதல்தான். எல்லாவற்றையும் அழிக்கக் கர்த்தர் சொல்லியும், சவுல் ராஜா நல்ல ஆடுமாடுகளை மிச்சம் வைத்துவிட்டு, பலியிடத்தான் என்றான். டாக்டராகி ஊழியம் செய்வாள் என்பதும் அந்த மாதிரி காரணம்தான்.

இரவுப்பணி: பிரதர், நான் 19 வருஷமாக நர்ஸ். போன ஈஸ்டர் அதிகாலை, ஒரு பாட்டிக்குப் படுக்கைப்புண் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கோயில் மணி கேட்டது. பாட்டி வலி தாங்காமல் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அன்றைக்கு நான் கீழ்ப்படியாதவளா?

மீகா68: இல்லவே இல்லை. கிணற்றில் விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கத்தான் வேண்டும், லூக்கா 14:5. ஆனால் தேர்வு எழுதுவதால் அன்றைக்கு எந்த உயிரும் பிழைப்பதில்லையே.

இரவுப்பணி: அந்தத் தேர்வை எழுதாமல் ஞாயிறு டூட்டிக்கு டாக்டர் எங்கிருந்து வருவார்? லிடலின் மீதிக் கதையையும் சொல்லுங்கள். சீனாவில் வெய்சியன் முகாமில் ஜப்பானியர் அவரை அடைத்து வைத்திருந்தார்கள். ஞாயிறு விளையாட்டில் பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது அவரே நடுவராகப் போய் நின்றார். 1945 பிப்ரவரியில் அங்கேயே இறந்தும் போனார். ஓடாதவரும் அவர்தான், நடுவராக நின்றவரும் அவர்தான்.

மீகா68: முகாமில் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். பாரிஸில் தனக்கு வரவேண்டிய பதக்கத்தை விட்டார். இரண்டிலும் தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் கேட்பதும் அதைத்தான்.

கொடியும்கிளையும்: பத்துக் கட்டளையில் உள்ள ஓய்வுநாள் சனிக்கிழமை என்பதையும் மறக்க வேண்டாம். ரோமர் 14:5-இல் பவுல், அவனவன் தன் மனதிலே முழு நிச்சயம் உள்ளவனாக இருக்கட்டும் என்கிறார். அம்மா சொல்லி எழுதினாலும் சரி, அம்மா சொல்லி விட்டாலும் சரி, அது அம்மாவின் கீழ்ப்படிதல். பிள்ளை முடிவெடுக்கட்டும்.

நெல்லைத்தாய்: நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முகாம் விஷயம் அவளுக்குத் தெரியாது, இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. காலையில் வந்து, "எழுதுறேன்மா. ஆனா எந்த ஊரானாலும் முதல் ஆராதனைக்குப் போயிட்டுத்தான் போவேன்" என்றாள். மதுரை, நாகர்கோவில் பக்கம் அதிகாலை ஆராதனை எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீகா68: என் கருத்து மாறவில்லை, சிஸ்டர். மதுரை என்றால் சனிக்கிழமையே பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கோயில் அடுத்த தெருதான். என் மனைவி கூட வருவாள்.