மறு: கயாக் இடுப்பு மறைப்புக்கு ஒரு தமிழ்ச்சொல் – ‘வேடாடை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஸ்ப்ரே ஸ்கர்ட் என்றும் ஸ்ப்ரே டெக் என்றும் வழங்கும் பொருளுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியதற்கு நன்றி. பழைய படகின் மறைப்பு புதுப் படகுக்குப் பொருந்தவில்லை. புதிதாக ஒன்றை நானே தைத்துக்கொண்டிருக்கிறேன். தைக்கும் முறையைத் தமிழில் எழுதிவைக்கவும் தொடங்கியிருக்கிறேன். பத்திக்குப் பத்தி வரும் பொருளுக்கே பெயர் இல்லாமல் எழுத்து ஓடவில்லை.

கயாக் என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகில் ஏறியிராதவர்களும் இந்த விவாதத்தில் இருப்பதால் பொருளை முதலில் விளக்கிவிடுகிறேன். என் வாதம் முழுவதும் அது செய்யும் வேலையிலிருந்துதான் வருகிறது. கடற்கயாக்கின் மேற்புறம் மூடியிருக்கும். நடுவில் ஆள் இறங்கி உட்கார ஒரு திறப்பு உண்டு. திறப்பைச் சுற்றி ஒரு விளிம்பு எழும்பி வெளிப்பக்கமாகச் சற்று மடிந்து நிற்கும். நாம் பெயர் தேடும் பொருளுக்கு இரண்டு பகுதிகள்: இடுப்பில் அணியும் குழல், அதன் அடியிலிருந்து விரியும் தட்டையான பரப்பு. பரப்பின் ஓர மடிப்புக்குள் எலாஸ்டிக் கயிறு கோத்திருக்கும். உட்கார்ந்ததும் முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஓரத்தை இழுத்து இழுத்து விளிம்பின் மடிப்புக்கு அடியில் மாட்ட வேண்டும். கயிறு சுருங்கிக் கவ்விக்கொள்ளும். பிறகு இடுப்புக்கும் விளிம்புக்கும் நடுவே தண்ணீர் புக வழியில்லை.

இனி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> ‘தெறிப்பாடை’ போதுமே. மூலத்தில் உள்ள இரண்டு சொல்லும் இதில் வந்துவிடுகின்றன.

ஒலிக்கு நல்ல சொல். நீர்த்திவலைக்குத் ‘துவலை’ என்ற பழஞ்சொல்லும் நம்மிடம் இருப்பதால் ‘துவலைமறைப்பு’ என்றுகூடச் சொல்லிவிடலாம். எனக்குள்ள தயக்கம் மூலச்சொல்லைப் பற்றியதுதான். தெறிக்கும் நீரைத் தடுப்பது இந்தப் பொருளின் மிகச் சிறிய வேலை. படகு கவிழ்ந்து, தலைகீழாக நீருக்குள் தொங்கும்போதுதான் இதன் உண்மையான வேலை தொடங்குகிறது. துடுப்பை வீசி, இடுப்பைத் திருப்பி, படகோடு சேர்ந்து நிமிரும்வரை உள்ளே தண்ணீர் ஏறக் கூடாது. உள்ளே நீர் நிறைந்த படகு நிமிர்ந்தாலும் நிற்காது; மறுபடி சாயும். கிரீன்லாந்தின் வேட்டையாளர்களுக்கு அந்தப் பனிநீரில் படகை விட்டு நீந்தி வெளியேறுவது சாவுக்குச் சமம். அதனால்தான் சீல் தோலில் இடுப்பு மறைப்பும், தலையையும் கையையும் சேர்த்து மூடும் முழு அங்கியும் தைத்தார்கள். இடுப்பு மறைப்பை அகுயிலிசாக் என்றும் அங்கியைத் துயிலிக் என்றும் அழைத்தார்கள். இப்படிக் கவிழ்ந்து எழும் வித்தையை ஐரோப்பியர்களில் முதலில் கற்றுக்கொண்டவராகச் சொல்லப்படும் ஆஸ்திரியாவின் பவ்லாட்டா அதைச் செய்துகாட்டியது 1927இல். தெறிப்பு என்று பெயர் வைத்தால் இந்த வேலை முழுவதும் பெயருக்கு வெளியே நின்றுவிடும். தமிழில் புதிதாக வைக்கும்போது அந்தக் குறையையும் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

> ‘படகுப் பாவாடை’ என்றால் எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பாவாடை தொங்குவது. இது தொங்கினால் ஆபத்து. பரப்பு மேளத்தோல்போல் விறைப்பாக இருந்தால்தான் மேலே விழும் நீர் வழிந்தோடும். தளர்ந்தால் மடியில் குளம் கட்டும், தையல் வழியாகக் கசியும். பெரிய அலை ஒன்று மேலே விழுந்தால் மொத்தமாக உள்வாங்கிவிடும்.

> ‘இடைமூடி’?

இது கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் கடற்கயாக்கில் முன்னும் பின்னும் சரக்கு வைக்கும் அறைகள் உண்டு. அவற்றுக்கு உண்மையான மூடிகள் உண்டு. ‘மூடியைச் சரிபார்’ என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்கவேண்டி வரும். நீண்ட பயணத்துக்குப் புறப்படும் காலையில் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மூடி என்றால் எடுத்து வைப்பது. இது உடம்போடு வருவது.

இப்போது என் பரிந்துரை. ஜாடியின் வாயைத் துணியால் மூடி, கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவதற்கு நம்மிடம் ஒரு சொல் உண்டு: வேடு கட்டுதல். அந்தத் துணிக்குப் பெயர் வேடு. ஜாடியின் வாய் விளிம்பு சற்று வெளியே பிதுங்கியிருப்பதால்தான் அடியில் கட்டிய கயிறு நழுவாமல் நிற்கிறது. கயாக்கின் விளிம்பும் அதே காரணத்துக்காகத்தான் வெளியே மடிந்திருக்கிறது. வாய், விளிம்பு, துணி, கயிறு என்று ஒவ்வொன்றும் அப்படியே பொருந்துகின்றன. ‘கலம்’ என்ற சொல்லும் நமக்குப் பாத்திரத்தையும் குறிக்கும், மரக்கலத்தையும் குறிக்கும். பாத்திரக் கலத்துக்கு வேடு உண்டென்றால் நீரில் ஓடும் கலத்துக்கும் வேடு உண்டு. இதைவிட நெருக்கமான உறவு எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு நன்மை, வினையும் கூடவே வருவது. கரையை நெருங்கி, அலை உடையும் இடத்துக்குள் நுழையும் முன் முன்னே போகிறவர் பின்னால் வருகிறவர்களுக்குக் குரல் கொடுப்பார். காற்றில் நீளமான சொல் நிற்காது. ‘வேடு கட்டு!’ என்பது நிற்கும்.

இதைத் தனி மடலில் ஒரு நண்பருக்கு எழுதியபோது அவர் உடனே ஒரு சிக்கலைக் காட்டினார். இங்கே வைக்க வேண்டிய சிக்கல் அது. வேடு என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘வேட்டை’. நான்காம் வேற்றுமையில் ‘வேட்டுக்கு’. ‘வேட்டை அவிழ்த்தான்’ என்று எழுதினால் வாசகர் காட்டுக்குள் போய்விடுவார். ‘வேட்டுக்குத் துணி வாங்கினேன்’ என்றால் வெடிச்சத்தம் கேட்கும். ஜாடி விஷயத்தில் இந்தத் தொல்லை எழுவதில்லை, ஏனென்றால் அங்கே ‘வேடு கட்டு’ என்ற ஒரே வடிவில்தான் பெரும்பாலும் வழங்குகிறது. தையல் குறிப்பில் அப்படி ஒதுங்க முடியாது. வேட்டை வெட்ட வேண்டும், வேட்டுக்கு அளவெடுக்க வேண்டும். அவர் சொன்னது முற்றிலும் நியாயம்.

எனவே ஆடையைச் சேர்க்கிறேன்: வேடாடை. வேடாடையை, வேடாடைக்கு, வேடாடையில் என்று எந்த உருபு சேர்ந்தாலும் குழப்பம் வராது. அணிந்துகொள்வது என்ற பாதியை ஆடை சொல்கிறது. வாயைக் கட்டுவது என்ற பாதியை வேடு சொல்கிறது. இந்தப் பொருள் இரண்டுமாக இருப்பதால் சொல்லும் இரண்டுமாக இருப்பது பொருத்தம்.

புணர்ச்சி பற்றிக் கேள்வி வரும் என்று தெரியும். காடு, ஆறு சேர்ந்து காட்டாறு ஆகும்போது வேடு, ஆடை சேர்ந்து வேட்டாடைதானே என்று கேட்கலாம். நன்னூல் விதிப்படி அந்த இரட்டிப்பு வேற்றுமைப் புணர்ச்சியில்தான் மிகுதியாக வரும். காட்டாறு காட்டின் ஆறு. வேடாடை வேட்டின் ஆடை அன்று, வேடாகிய ஆடை. இருபெயரொட்டாகக் கொண்டால் ட் இரட்ட வேண்டியதில்லை. இலக்கணம் நன்கறிந்தவர்கள் இதை மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வேட்டாடை என்று போனால் மறுபடியும் வேட்டை காதில் விழுகிறது. அதைத் தவிர்க்கத்தானே இத்தனை பாடு.

கயாக்குக்கும் தமிழ்ப் பெயர் வேண்டாமா என்று ஒரு மடல் கேட்டது. வேண்டாம் என்பது என் கருத்து. அம்பி, திமில், பஃறி என்று நம் பழஞ்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கலத்தைச் சுமந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடுங்கி வடதுருவப் படகுக்குச் சூட்டுவது இரண்டு பக்கமும் அநியாயம். அந்தப் படகைக் கண்டுபிடித்தவர்கள் வைத்த பெயரே இருக்கட்டும். துடுப்பில் மட்டும் கவனமாக இருக்கச் சொல்கிறேன். படகில் பொருத்தி, பின்னோக்கி உட்கார்ந்து இழுப்பது தண்டு; தண்டு வலித்தல் என்ற வழக்கே உண்டு. எதிலும் பொருத்தாமல் கையில் பிடித்து, முன்னோக்கி உட்கார்ந்து போடுவது துடுப்பு. அண்மைக்காலத் தமிழ்க் கட்டுரைகளில் இரண்டும் துடுப்பாகிவிடுகின்றன. கைவசம் இருக்கும் வேறுபாட்டை இழக்க வேண்டாம்.

வேடாடையின் உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். எழும்பி நிற்கும் விளிம்புக்கு ‘வாய்விளிம்பு’ என்றும், ஆள் உட்காரும் குழிக்கு ‘அமர்குழி’ என்றும் எழுதிவருகிறேன். பழைய படகின் அமர்குழி சிறியது, வட்டமானது. காலை நீட்டியபடியே நுழைய வேண்டும். புதியது சாவித்துளை வடிவம்; உட்கார்ந்த பிறகு காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். குழி நீண்டதால் பரப்பும் நீள்கிறது, நடுவில் தொய்கிறது. குறுக்கே வளைந்த குச்சி ஒன்றை உள்மடிப்பில் வைத்து மேடாக்கியிருக்கிறேன். நைலானில் தைக்கிறேன், நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் இன்னும் இறுக்கமாக நிற்கும், ஆனால் நாள் முழுவதும் வெயிலில் துடுப்புப் போடும்போது இடுப்பு வெந்துபோகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான உறுப்பு முன்பக்கத்தில் இருக்கும் இழுப்பு வார். கவிழ்ந்து எழ முடியாமல் போனால் அதை முன்னோக்கி இழுத்து, விளிம்பிலிருந்து கயிற்றைக் கழற்றித்தான் வெளியே வர வேண்டும். வேடாடை மாட்டும்போது அது உள்ளே மடங்கிவிட்டால் தலைகீழாக நீருக்குள் தடவித் தேட நேரிடும். தைக்கும்போது நான் மிகவும் நேரம் செலவிடுவது இங்கேதான். வார் ஒற்றைத் தையலில் நிற்கக் கூடாது. பெட்டித் தையல் போட்டு, குறுக்கேயும் அடிக்கிறேன். விறைத்த விரலுக்கும் தட்டுப்படுமாறு வாருக்குள் ஒரு துண்டு ரப்பர்க் குழாயை நுழைத்துத் தடிமனாக்குகிறேன். கயிற்றின் இறுக்கத்தையும் இந்த வாரை வைத்தே முடிவு செய்கிறேன். தரையில் படகை வைத்து உட்கார்ந்து, ஒரு கையால் இழுத்தால் கழல வேண்டும். கழலவில்லையென்றால் முடிச்சைத் தளர்த்துகிறேன். பிறகு ஆழமில்லாத நீரில், அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு சோதிக்கிறேன்.

இந்த வாருக்குப் ‘பிடிவார்’ என்று சொல்லலாமா? பிடிப்பது மட்டுமே வந்து, இழுப்பது விட்டுப்போகிறது. ‘இழுவார்’ என்று எழுதினால் ஆளைக் குறிக்கும் வினைமுற்றுபோல் ஒலிக்கிறது. ‘கழல்வார்’, ‘பறிவார்’ இரண்டிலும் அதே தொல்லை. முதல்முறை படிக்கிறவர் சட்டென்று பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் இது. உயிர் காக்கும் உறுப்பு என்பதால் இதில் சிறு மயக்கமும் இருக்கக் கூடாது. வார் என்பதை விட்டுவிட்டு ‘மீட்புப் பட்டை’ என்று போகலாமா என்றும் யோசிக்கிறேன். தையல் தொழில் தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால், எலாஸ்டிக் கோக்கும் ஓர மடிப்புக்கு நீங்கள் வழங்கும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். குறிப்பில் அந்த இடங்களை வெற்றிடமாக விட்டு, மற்றதை வேடாடை என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்.