டிமார்ட் விலையை நம்ம ஊர் கடையில் கொடுக்க முடியுமா?

புதுக்கடை:
3,000 சதுர அடியில் சூப்பர் மார்க்கெட் போட யோசனை. பக்கத்திலேயே டிமார்ட் (குறைந்த விலைக்குப் பேர்போன சூப்பர் மார்க்கெட் சங்கிலி) வரப்போவதாகப் பேச்சு. எம்ஆர்பி 100 ரூபாய் போட்ட சோப்பு டிஸ்ட்ரிபியூட்டர் பில்லிலேயே 90 விழுகிறது. அவர்கள் விற்கும் விலையே 90! மொத்தமாக வாங்குவதால் மட்டும்தானா இது? அந்த விலையைத் தொட வழி உண்டா?

வரவுசெலவு:
மொத்தக் கொள்முதல் பாதிக் காரணம்தான். ரிலையன்ஸும் மொத்தமாகத்தான் வாங்குகிறது.

பெரிய வித்தியாசம் கட்டடம். 2002ல் மும்பை பவாயில் முதல் கடை திறந்தார் ராதாகிஷன் தமானி. அன்றிலிருந்து பெரும்பாலும் சொந்த இடம், இல்லையென்றால் நெடுங்காலக் குத்தகை. உங்கள் பக்கம் பாருங்கள்: சதுர அடிக்கு 40 ரூபாய் என்றால் மாத வாடகை 1.2 லட்சம். விற்பனை 30 லட்சம் என்று வைத்தால் வாடகைக்கே 4% போச்சு. டிமார்ட்டின் மொத்த லாபமே (வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம், செலவு கழிக்காமல்) ஏறக்குறைய 15%தான். அதில் இந்த 4% எவ்வளவு பெரிது என்று யோசியுங்கள்.

இதற்கு விலையும் உண்டு. முதல் முழுக்க மண்ணில் முடங்குவதால் கடைகள் மெதுவாகத்தான் பெருகும். 2025 மார்ச்சில் 415 கடை, அந்த நிதியாண்டு விற்பனை சுமார் 57,790 கோடி, நிகர லாபம் சுமார் 2,927 கோடி. 100 ரூபாய்க்கு விற்றால் 5 ரூபாய் நிற்கிறது. இவ்வளவு இருந்தும் நாட்டின் மளிகை வியாபாரத்தில் பெரும்பங்கு இன்னும் தெருமுனைக் கடைகளிடம்தான்.

சரக்குலாரி:
அண்ணன் விட்ட இடம் பேமென்ட். டிமார்ட் சப்ளையருக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் பணம் போய்விடும். பல சங்கிலிக் கடைகளில் மாதக்கணக்கில் இழுக்கும். கம்பெனிக்காரன் விலை குறைப்பது அளவுக்காக மட்டுமல்ல, பணம் உறுதி என்பதற்காகவும்தான்.

இதை நீங்களும் செய்யலாம். 21 நாள் கடனுக்குப் பதில் 7 நாளில் தருகிறேன், 1% கேஷ் டிஸ்கவுண்ட் போடு என்று கேளுங்கள். ஓடி (ஓவர் டிராஃப்ட்) வட்டி 12% என்றால் அந்த 14 நாளுக்கு 0.46% செலவு, மீதி 0.54% கையில். ரெப் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், கழிவு பில்லிலேயே வரணும். கிரெடிட் நோட்டு (கழிவைக் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) பிறகு வரும் என்றால் அது பாதிக்கு மேல் வராது. மாதக் கடைசியில் டார்கெட் முடிக்கத் தள்ளும் "12க்கு 1" (12 வாங்கினால் 1 இலவசம்) ஸ்கீமில் ஆசைப்பட்டு இரண்டு மாதச் சரக்கை இறக்கினால், இந்த லாபம் குடோனிலேயே உறங்கும். டிமார்ட்டிடம் சரக்கு நிற்பது சுமார் ஒரு மாதம்தான்.

எதிர்க்கடை:
சோப்பு விலையையே பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு புரியாது. டிமார்ட் விற்பனையில் உணவு 57% போல. துணி, பிளாஸ்டிக் டப்பா, பாத்திரம் எல்லாம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மார்ஜின் அங்கேதான். எண்ணெய் வாங்க வருகிறவர் 199 ரூபாய் டி-ஷர்ட்டையும் வண்டியில் போட்டுவிடுவார். 3,000 அடியில் அந்த இடம் கிடையாது, ஆகவே விலைக்கு விலை மோதாதீர்கள்.

அவர்களுக்கும் அடி விழாமல் இல்லை. பெருநகரங்களில் அதிகம் விற்கும் கடைகளில் ஆன்லைன் மளிகையின் தாக்கம் தெரிவதாக 2024 அக்டோபரில் கம்பெனியே சொன்னது.

புதுக்கடை:
அப்போ எதில் கை வைக்கிறது?

வரவுசெலவு:
ரகத்தில், தம்பி. பில்லிங் சாஃப்ட்வேரில் 90 நாள் விற்பனையை ஐட்டம் வாரியாக எடுங்கள். ஒரே பிஸ்கட்டில் 5, 10, 20, 30 ரூபாய் பாக்கெட் நான்கும் வேண்டாம், ஓடும் இரண்டு போதும். அந்த ஷெல்ஃபில் பருப்பு, மிளகாய், வெல்லத்தைச் சொந்தமாகப் பாக்கெட் போட்டு வையுங்கள். விலை ஒப்பிட ஆளுக்குப் பிடி கிடைக்காது. பாக்கெட்டில் எடை, எம்ஆர்பி, பேக் செய்த தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் கட்டாயம். இல்லையென்றால் ஆய்வாளர் வந்து அபராதம் போடுவார்.

சர்க்கரை, எண்ணெய், டிடர்ஜென்ட் என்று எல்லாருக்கும் விலை மனப்பாடமான இருபது ஐட்டத்தில் மட்டும் டிமார்ட்டை ஒட்டி வையுங்கள். அதிலும் பாமாயிலை விட்டுவிடலாம், அதன் கொள்முதல் விலை வாரத்துக்கு வாரம் ஆடும்.