பா-உவெலே: கீழா, கடையா, தாழா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காங்கோ சனநாயகக் குடியரசின் மாகாணப் பெயர்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 2015இல் 11 மாகாணங்கள் 26 ஆனபோது (தலைநகர் கின்ஷாசாவும் இதில் அடக்கம்) பழைய ஒரியந்தால் மாகாணம் நான்காகப் பிரிந்தது. சோப்போ, இதுரி இரண்டும் தொல்லை தரவில்லை. ஓ-உவெலே, பா-உவெலேயில்தான் மாட்டிக்கொண்டேன்.

பிரெஞ்சில் ‘ஓ’ மேல், ‘பா’ கீழ். உவெலே ஆற்றின் போக்கை வைத்து வந்த பெயர்கள். சரி, மேல் உவெலே, கீழ் உவெலே என்று எழுதிவிட்டு வரைபடத்தைப் பார்த்தால், ‘கீழ்’ மேற்கே கிடக்கிறது! துங்கு ஊரில் கிபாலியும் துங்குவும் கூடி உவெலே ஆகிறது. மேற்கே ஓடி யாக்கோமாவில் எம்போமுவோடு சேர்ந்து உபாங்கி ஆகிறது. நம் காவிரி கிழக்கே ஓடுவதால் மேல் என்றால் மேடு, மேற்கு இரண்டும் பொருந்திவிடும். உவெலே அந்தக் கணக்கைக் கவிழ்க்கிறது. போதாக்குறைக்கு ஒரியந்தாலை (பிரெஞ்சில் ‘கிழக்கத்திய’ என்று பொருள்) ‘கீழை மாகாணம்’ என்று முன்பே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

என் பரிந்துரை: தலை உவெலே, கடை உவெலே. தலைமடை, கடைமடை போல.

—

> தலை உவெலே, கடை உவெலே

‘தலை’ அருமை ஐயா, தலைக்காவிரி இருக்கவே இருக்கிறது. ‘கடை’ இடிக்கிறது. கடைமடை என்றாலே தண்ணீர் எட்டாத வயல்தான் கண்ணில் நிற்கிறது. உவெலேயோ போகப் போகப் பெருகுகிற ஆறு. மேல்பவானி, கீழ்பவானி என்று நாம் சொல்வதில்லையா? அப்படியே விட்டால் என்ன?

—

மேல்பவானிக்குக் கிழக்கேதான் அம்மா கீழ்பவானி அணை. திசையும் ஒத்துப்போவதால் யாரும் தடுமாறுவதில்லை. உவெலேயில் ஆற்றங்கரையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது: ஓ-உவெலேயின் தலைநகர் இசிரோ அந்த ஆற்றங்கரையிலேயே இல்லை, பா-உவெலேயின் பூத்தா இருப்பது ரூபி ஆற்றின் கரையில்.

‘கடை’யை விட்டுவிடுகிறேன். ‘தாழ் உவெலே’ எப்படி? திசை ஒட்டாத சொல். தலை, தாழ் என்று மோனையும் விழுகிறது. ஓ-லொமாமியும் இதில் அடங்கிவிடும். லொமாமி வடக்கே ஓடும் ஆறு, தலைப்பகுதி தெற்கே. தலை லொமாமி.

ஓ-கத்தாங்காவுக்குத்தான் இது உதவாது. கத்தாங்கா ஆறல்ல, நிலப்பகுதி. அதற்கு ஏது தலை? ‘மேட்டுக் கத்தாங்கா’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.