வேப்பிலைச் சாற்றில் ஜிங்க் ஆக்சைடு: எக்ஸ்ஆர்டியில் ஒரு பீக்கும் வரவில்லை

வடிதாள்:
முதல் வருட ஆய்வு மாணவி. வேப்பிலைச் சாற்றால் ஜிங்க் ஆக்சைடு நுண்துகள் செய்யப் பார்க்கிறேன். 20 கிராம் வேப்பிலையை 200 மில்லி வாலை வடிநீரில் கொதிக்கவைத்து வடிகட்டினேன். 0.1 மோலார் ஜிங்க் நைட்ரேட் சேர்த்து, 70 டிகிரியில் இரண்டு மணி நேரம் கலக்கினேன். நிறம் பழுப்பானது, நோட்டில் "ரிடக்‌ஷன் முடிந்தது" என்று எழுதிவிட்டேன். 60 டிகிரியில் காயவைத்த தூளை எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) வைத்தால், ஜிங்க் ஆக்சைடுக்குரிய 31.8, 34.4, 36.3 டிகிரி பீக் எதுவும் இல்லை, அகலமாக ஒரு மேடு மட்டும். சாற்றைக் கூட்டிப் பார்க்கலாமா?

பழைய மஃபிள்:
வேண்டாம், கூட்டினால் மேடுதான் பெரிதாகும். முதலில் நோட்டில் அந்த "ரிடக்‌ஷன்" வரியை அடியுங்கள். ஒரு அயனி எலக்ட்ரான் வாங்கி ஒடுங்குவதுதான் அது. நைட்ரேட்டிலும் ஜிங்க் +2, ஆக்சைடிலும் +2. இதில் எது ஒடுங்கியது? வெள்ளி அயனி உலோகமாவது நிஜம், அதன் ஒடுக்க மின்னழுத்தம் +0.80 வோல்ட் (இது கூடினால் ஒடுங்குவது சுலபம்). ஜிங்குக்கு -0.76. இலையில் ஒடுக்கும் சத்தான பாலிபீனாலுக்கு அது எட்டாது. வெள்ளிக்கு எழுதியதை ஜிங்குக்கும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். நானும் ஒட்டியவன்தான், வைவாவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாறு அயனியைப் பிடித்து வைக்கும், துகள்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிஎச் என்ன?

வடிதாள்:
5.6.

பழைய மஃபிள்:
அது அமிலப் பக்கம், அப்புறம் எப்படி ஜிங்க் ஹைட்ராக்சைடு வீழும்? சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு 10-க்குக் கொண்டுவாருங்கள். ரொம்ப ஏற்றினால் திரும்பக் கரைந்துவிடும். நன்றாகக் கழுவிய பிறகு 400 டிகிரியில் சுட்டால் ஆக்சைடாகும். கழுவாமல் வைத்தால், நைட்ரேட்டும் காய்ந்த இலைச்சத்தும் சேர்ந்து ஃபர்னஸுக்குள் குப்பென்று பற்றும். கொஞ்சமாகவே வையுங்கள்.

அகார் தட்டு:
400-ல் சுட்டால் இலைச்சத்து பெரும்பாலும் எரிந்துபோகும். அதற்கப்புறம் "மூலிகைப் போர்வை கிருமியைக் கொல்கிறது" என்று எழுதாதீர்கள். கிருமிச் சோதனையில் சாறு மட்டும், ஜிங்க் உப்பு மட்டும் என்று தனித்தனிக் கன்ட்ரோல் வேண்டும். டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம், துகள் அகார் கூழில் சரியாகப் பரவாது. திரவ ஊடகத்தில் எம்ஐசி (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) பாருங்கள். இலையே போடாமல் ஒரு தடவையும் செய்யுங்கள்.

வடிதாள்:
செய்தேன். சூடாக எடுத்தபோது தூள் மஞ்சள், பயந்தே போனேன். ஆறினதும் வெளுத்துவிட்டது.

பழைய மஃபிள்:
ஜிங்க் ஆக்சைடின் குணமே அதுதான். பீக்?

வடிதாள்:
மூன்றும் வந்தன. இலை போடாத கிரூசிபிளிலும் (சுடும் கிண்ணம்) அதே மூன்று. கைடிடம் எதை முதலில் காட்டுவது?