புதுப்பிப்பு: நசுங்கிய நரம்பு, குறைந்த எடை, வராத தூக்கம்

விபத்தில் மேல்கை எலும்பு முறிந்து ரேடியல் நரம்பு (மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு) நசுங்கியதையும், மணிக்கட்டு தொங்கிப்போனதையும் முன்பு எழுதியிருந்தேன். நரம்பு திரும்ப வளருமா, எடை ஏன் இறங்குகிறது, தூக்கம் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வளர்கிறது! மேசையில் குப்புற வைத்த கையை மணிக்கட்டிலிருந்து தூக்க முடிகிறது. விரல்கள் இன்னும் நிமிரவில்லை. நரம்பு மேலிருந்து கீழாக, நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் மணிக்கட்டுக்குப் பிறகே விரல்கள், கட்டைவிரல் கடைசி. பிசியோதெரபிஸ்ட் நரம்பின் வழியே விரலால் தட்டிப் பார்ப்பார். சுர்ரென்று மின்சாரம் பாய்வது போன்ற இடம்தான் நரம்பு வளர்ந்து எட்டியிருக்கும் முனை; அது மெல்லக் கீழே நகர்கிறது. அந்தச் சுர்ருக்காகவே காத்திருக்கிறேன். அதுவரை விரல் மூட்டுகள் இறுகாமல் மறுகையால் நீட்டி மடக்குவதை விடவே கூடாது.

எடை விஷயம்: பெரிய காயத்துக்குப் பிறகு உடல் தசைப் புரதத்தையே உடைத்து எரிக்குமாம். சாப்பாட்டில் புரதம் கூட்டியதும் எடை இறங்குவது நின்றது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு, ஊசி போடுகிறார்கள். நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற பாதுகாப்பு உறைக்கு அது அவசியம் என்பதால், யாருக்காவது மரத்துப்போதல் இருந்தால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்க விஷயம்: விபத்தின் அதிர்ச்சி இன்னும் போகவில்லை, பிரேக் சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கிறது. அதற்கு உளவியல் ஆலோசனை தொடங்கியிருக்கிறேன். அடுத்தது நரம்புக் கடத்தல் பரிசோதனை, அதாவது நரம்பு வழியே மின் சமிக்ஞை எப்படிப் போகிறது என்று பார்ப்பது. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.