பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கிராம்ப்ளர்: உதைத்தாலும் கிளம்பாத கதைகள்

லயத்துப்பையன்:

அண்ணன் விட்டுப்போன யமஹா டிடி125 ஸ்கிராம்ப்ளர் பைக், ஏர்கூல்டு (காற்றாலேயே குளிரும் இஞ்சின்). காலையில் உதைத்தால் கிக் கம்பி சும்மா கீழே போகும், காலுக்கு எதிர்ப்பே இருக்காது. பிளக்கில் பொறி நன்றாக வருகிறது, கார்புரேட்டரும் கழுவியாச்சு. இரண்டாம் கியரில் போட்டு சரிவில் தள்ளினால்தான் பிடிக்கும். சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடையில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்த்தார்கள். 80 பிஎஸ்ஐதான், குறைவு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மாற்றினால் போதும் என்றார்கள், மாற்றினார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை.

அப்புறம் மாமா பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரை, கழற்றினார். இன்னும் அது கண்ணிலேயே நிற்கிறது. பிளாக்கை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வாய்க்கு மேலே கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். நகம் தட்டித் தட்டிப் போனது. அடுத்து, கார்புரேட்டருக்குப் பின்னாலிருக்கும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியெல்லாம் செம்மண். ஏர் ஃபில்டர் ஸ்பான்ச் ஓரத்தில் கிழிந்திருந்தது. வெயில் காலத்தில் செம்பனைக் காட்டுச் சாலையில் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்தத் தூசி தெரியும். தேய்ந்த போரில் (சிலிண்டரின் உள்துளை) புது ரிங்கைப் போட்டு என்ன பயன்? காசு வாங்கிய கடை போரை அளக்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

டிஎஸ்_காரன்:

தம்பி, உன் போர் தேய்ந்தது சரி. ஆனால் அந்த 80-ஐ நான் நம்ப மாட்டேன். ஆக்சிலேட்டர் முறுக்கை முழுக்கத் திறந்து வைத்துத்தான் உதைத்தார்களா? மூடி வைத்தால் உள்ளே காற்றே போகாது, கேஜ் முள் பாதியில் நின்றுவிடும். என் சுசுகி டிஎஸ்125-க்கும் இப்படித்தான் ‘கம்ப்ரஷன் போச்சு’ என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். முறுக்கைத் திறந்து, முள் ஏறுவது நிற்கும் வரை உதைத்தேன். 120-ஐத் தொட்டது. பிளாக்கில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் ஏன் கிளம்பவில்லை? பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டின் இடப்பக்க மூடியைத் திறந்தேன். காயில் தட்டுக்குப் பின்னால் கறுப்பாக, ஈரமாக எண்ணெய். கிராங்க் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், கிராங்க் சீல், போயிருந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மேலே மட்டும் அழுத்தம் இருந்தால் போதாது, கீழே கிராங்க் பெட்டியும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். சீல் வழியாகக் காற்றை உறிஞ்சினால் பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். கேஜ் இதைக் காட்டவே காட்டாது.

ஈப்போ_ராஜா:

நம்முடையது கவாசாகி கேடிஎக்ஸ்200. போர் கீறிவிட்டது என்றதும் ஒருவர் ‘போர் அடிச்சுடலாம்’ (உள்துளையைக் கடைந்து பெரிதாக்கிவிடலாம்) என்று பிளாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், வாசலில் ஓடிப்போய் மறித்தேன். அது உள்ளே பூச்சுப் போட்ட பிளாக். மறுபடி பூசத்தான் வேண்டும். பழைய டிடி, டிஎஸ் மாதிரி உள்ளே இரும்புக் குழாய், அதாவது லைனர், இருந்தால்தான் போர் அடித்து ஓவர்சைஸ் (கொஞ்சம் பெரிய) பிஸ்டன் போடலாம்.

இனி இஞ்சினைத் திறக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிளக் ஓட்டையில் ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் விட்டு, கொஞ்சம் சுழற்றிவிட்டு மறுபடி கம்ப்ரஷனை அளந்து பாருங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங், போர் பக்கம் பாருங்கள். ஏறாவிட்டால் பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி உதையுங்கள், குமிழி வருகிறதா தெரியும். பிளாக்கைக் கழற்றியதும் ரிங்கை மட்டும் உள்ளே விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) மேலே ஒரு தடவை, எக்ஸாஸ்ட் வாய்க்குச் சற்று மேலே ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டும் நன்றாக வேறுபட்டால் போர் ஒரே அளவாக இல்லை, அதில் புது ரிங் நிற்காது. புதுப் பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே போர் அடிக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் முனை இரண்டும் பிஸ்டன் பள்ளத்திலுள்ள பின்னுக்கு நேராக உட்கார வேண்டும், தவறினால் போர்ட்டில் மாட்டி உடையும். ஃபில்டர் எண்ணெய் தடவாமல் தோட்டச் சாலையில் இறங்கவே இறங்காதீர்கள்.

கங்சார்_மணி:

ராஜா அண்ணே, எல்லாவற்றுக்கும் பிளாக்கைத் தூக்கச் சொல்கிறீர்களே! டிஎஸ்_காரன் சொன்னது இடப்பக்கச் சீல். எனக்குக் கிளட்ச் பக்கச் சீல் போனது. தீபாவளிக்கு முந்திய இரவு, வெகுநேரம் உதைத்த பிறகு பிடித்தது. பிடித்ததும் வாசல் முழுக்க வெள்ளைப் புகை, எரிந்த எண்ணெய் வாடை. அம்மா போட்டுக்கொண்டிருந்த கோலத்தை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். தரையில் ஒரு சொட்டுகூட எண்ணெய் இல்லை, ஆனால் அளந்து பார்த்தால் கியர் எண்ணெய் பாதிதான் இருக்கிறது. மீதியை கிராங்க் பெட்டி குடித்துவிட்டது. பிளக் நனைந்தே கிடந்தால் எப்படிக் கிளம்பும்? கம்ப்ரஷன் கல் மாதிரி இருந்தது. அந்தச் சீலைச் சில இஞ்சின்களில் கிளட்ச் மூடியைத் திறந்து வெளியிலிருந்தே மாற்றலாம், சிலவற்றில் பெட்டியையே பிளக்க வேண்டும். எனக்கு வெளியிலிருந்தே முடிந்தது. லயத்துப்பையன் தம்பி, உன் வண்டியில் புகை என்ன நிறம்?