வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) படித்தவர்கள் இருக்கிறீர்களா?

தங்கை நீட் எழுதியிருக்கிறாள். சேர்ந்தால் வேலூர் சி.எம்.சி.தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எம்.பி.பி.எஸ். மொத்தமே 100 இடம், அதிலும் பெரும்பகுதி கிறிஸ்தவச் சிறுபான்மை ஒதுக்கீடு. முதலாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாக அனுப்புவார்களாமே, அதைக் கேட்டதிலிருந்துதான் இந்தப் பிடிவாதம்! நம் திருச்சபையின் ஸ்பான்சரில் சேர்ந்தால் படிப்பு முடிந்து 2 ஆண்டுகள் மிஷன் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். அவளுக்குச் சம்மதம். அம்மாதான், "மொழி தெரியாத ஊருக்குப் போட்டுவிட்டால்?" என்று இப்போதே புலம்புகிறார்.

அங்கே படித்த அண்ணன், அக்காக்கள் சொல்லுங்கள்: சபையின் ஸ்பான்சர் கடிதத்தை எப்போது வாங்கி வைக்க வேண்டும்? பணி செய்யும் ஊரை நாம் கேட்டு வாங்க முடியுமா? அப்புறம், பாகாயத்தில் உள்ள கல்லூரி விடுதியில் சாப்பாடு எப்படி? இது அம்மாவின் கேள்வி.